பழைய எஃப்-100 பிக்அப்புக்கு எந்த முன் சஸ்பென்ஷன்?

1953 முதல் 1956 வரை வந்த ஃபோர்டு எஃப்-100 பிக்அப்பின் முன்பக்கம் ஒரு குட்டி லாரி. இரண்டு சக்கரத்துக்கும் பொதுவாக ஒரே ஐ-பீம் அச்சு, நீளவாக்கில் இரண்டு ஸ்பிரிங் பட்டைக் கட்டு, முனைகளில் சக்கரம் திரும்பும் ஆணியான கிங்பின், டிரம் பிரேக். லாரிப் பட்டறையில் கை வைத்தவருக்கு இதில் எதுவும் புதிதல்ல. பண்ணைச் சாலைக்கு அது போதும். புது வி8 எஞ்சினைப் போட்டு அமெரிக்க நெடுஞ்சாலையில் 70 மைல் வேகத்தில் ஓட்ட நினைக்கும்போதுதான் சிக்கல். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மற்றதும் சாயும், ஸ்டியரிங் கையை இழுக்கும், டிரம் சூடேறி பிரேக் தளரும்.

இந்த முன்பக்கத்தை மாற்றும் வேலையில் முதன்முதலாக இறங்குபவர்கள் கிட்டின், அதாவது மாற்று சஸ்பென்ஷன் தொகுப்பின், விலையில் ஆரம்பிக்கிறார்கள். ஆரம்பிக்க வேண்டிய இடம் மட்கார்டின் உள் அகலம், வண்டி நிற்கப்போகும் உயரம், சேஸிஸின் நிலை. இந்த மூன்றும் கையில் இருந்தால் எந்தக் கிட் என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

இருப்பதைச் சோதியுங்கள்

பழைய அச்சு மோசம் என்று முடிவு கட்டும் முன் அரை மணி நேரம் செலவிடுங்கள். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, டயரை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் அது வீல் பேரிங்கா, கிங்பின்னா என்று பிரிக்க வேண்டும். ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங். நிற்காவிட்டால் கிங்பின் புஷ் தேய்ந்திருக்கிறது. புது புஷ் அடித்தால் மட்டும் போதாது, பின்னுக்கு ஏற்ற அளவில் ரீமர் போட்டுத் துளையைச் சரிசெய்ய வேண்டும். ரீமர் போடாமல் சுத்தியலால் பின்னை ஏற்றினால் ஸ்டியரிங் இறுகி, திருப்பத்துக்குப் பிறகு தானாக நேருக்குத் திரும்பாது.

ஸ்பிரிங் பட்டைகளுக்கு இடையில் துரு ஏறி அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தால் வண்டி மாட்டுவண்டி மாதிரித் தூக்கிப் போடும். கட்டைப் பிரித்து, தேய்த்து, முனைகளில் உராய்வைக் குறைக்கும் வில்லை வைத்துக் கட்டினாலே பெரிய வித்தியாசம் தெரியும். இத்துடன் புது ஷாக் அப்சார்பர், முன்பக்க டிஸ்க் பிரேக் கிட், அச்சுக்கும் பட்டைக்கும் இடையே ஆப்பு வில்லை வைத்துக் காஸ்டரை (ஸ்டியரிங் திரும்பும் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் கோணத்தை) சரிசெய்தல் எல்லாம் சேர்த்தால், வாரக் கடைசியில் மட்டும் ஓடும் வண்டிக்கு அதுவே நிறைவு. வண்டி தாழ வேண்டும் என்றால் மூன்று நான்கு அங்குலம் வளைத்துத் தாழ்த்திய அச்சு தனியாக விற்கிறது. சேஸிஸில் ஒரு வெட்டுகூட இல்லாமல் இவ்வளவும் செய்யலாம் என்பதால், வெல்டிங் கைவராதவர்கள் இந்த வழியை இளக்காரமாக நினைக்கத் தேவையில்லை.

எஃப்-100 அல்லாத வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1963 முதல் 1972 வரையிலான செவர்லே சி-10இல் காயில் (சுருள்) ஸ்பிரிங்கும், சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் முக்கோணக் கையான ஏ-ஆர்மும் கொண்ட தனித்தனி முன் சஸ்பென்ஷன் கம்பெனியிலிருந்தே வருகிறது. அதை அறுத்தெறிந்து வேறு கிட் போடுவது பெரும்பாலும் வீண் செலவு. புஷ், பால் ஜாயிண்ட், தாழ்த்திய ஸ்பிண்டில் (ஹப் சுழலும் தண்டு), டிஸ்க் பிரேக் மாற்றினால் போதும். 1965இல் ஃபோர்டு கொண்டுவந்த இரட்டை ஐ-பீம் அமைப்பில், குட்டை ஸ்பிரிங் போட்டுத் தாழ்த்தினால் சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்து டயரின் உள்விளிம்பு தின்னப்படும். அங்கே ஸ்பிரிங்கை வெட்டாமல் பீமையே மாற்ற வேண்டும்.

கிடைக்கும் வழிகள்

1953-56 எஃப்-100க்கு இன்று அதிகம் போடப்படுவது மஸ்டாங்-2 வகைக் கிராஸ் மெம்பர், அதாவது சேஸிஸின் இரண்டு சட்டங்களுக்கும் குறுக்கே நின்று சஸ்பென்ஷனைத் தாங்கும் துண்டு. 1974 முதல் 1978 வரை வந்த அந்தச் சின்ன ஃபோர்டு காரின் முன்பக்க அமைப்பை அடிப்படையாக வைத்து, பல நிறுவனங்கள் புதிதாகவே தயாரிக்கின்றன. ராக் அண்ட் பினியன் (பற்சட்டமும் பற்சக்கரமும் கொண்ட) ஸ்டியரிங் அச்சுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும், அகலம் குறைவு, எஞ்சினுக்கு இடம் விடும், உதிரிபாகம் எங்கும் கிடைக்கும். பழைய மஸ்டாங்-2 காரிலிருந்தே கழற்றியதை வாங்காதீர்கள். அதன் பிரேக் டிஸ்க் சுமார் 9.3 அங்குலம், நான்கு போல்ட். பிக்அப்பின் எடைக்கு அது காணாது. 11 அங்குல டிஸ்க்கும் ஐந்து போல்ட் ஹப்பும் கொண்ட புதுக் கிட்டாகப் பாருங்கள்.

1976-80 பிளைமவுத் வொலாரே, டாட்ஜ் ஆஸ்பென் கார்களின் முன்பக்கத்தையும் எஃப்-100இல் நிறையப் பேர் போட்டிருக்கிறார்கள். குறுக்குவாட்டில் முறுக்குக் கம்பி கொண்டது. பக்கத்துக்கு ஒரு போல்ட்டைத் திருகி உயரத்தை ஏற்றி இறக்கலாம் என்பது அதன் சுகம். ஆனால் எடையும் அகலமும் அதிகம், பழுதில்லாத ஒன்றைப் பழைய இரும்புக் கடையில் தேடிப் பிடிப்பதும் கடினமாகிவிட்டது. 1970-81 செவர்லே கமாரோ காரின் முன் சேஸிஸை அப்படியே வெட்டி ஒட்டும் பழக்கம் ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. சேஸிஸை முழுக்க அறுத்து வேறொன்றை ஒட்டும் வேலை அது. ஒட்டு நேராக இல்லாவிட்டால் வண்டி நண்டு மாதிரிப் பக்கவாட்டில் போகும். புதியவர்கள் தொட வேண்டாம்.

2003-2011 கிரவுன் விக்டோரியா காரின் அலுமினியக் கிராஸ் மெம்பர் இன்னொரு நல்ல வழி. போலீஸ் வாகனமாக ஓடிக் கழிந்தவை ஏராளம் என்பதால் மலிவு. கனமான காருக்குச் செய்தது, ஆகவே பிக்அப்பின் எடையைத் தாங்கும். ஆனால் அகலமானது. ஹப் முகத்திலிருந்து பெரும்பகுதி உள்பக்கமாகவே இருக்கும் ரிம் மட்டுமே ஒத்துவரும். 1961-79 எஃப்-100இன் அகன்ற மட்கார்டுக்குள் பொருந்துவது 1953-56இன் உருண்டை மட்கார்டுக்குள் இடிக்கும். அலுமினியத்தைச் சேஸிஸோடு வெல்டு செய்ய முடியாது, போல்ட்தான். சேஸிஸ் சட்டத்தைப் பெட்டியாக அடைத்த பின் அதன் ஊடே போல்ட் போகும் இடங்களில் எல்லாம் உள்ளே இரும்புக் குழாய் வைத்து வெல்டு செய்யுங்கள். குழாய் இல்லாமல் இறுக்கினால் சட்டத்தின் சுவர்கள் உள்ளே அமுங்கும், பிறகு போல்ட் தளர்ந்துகொண்டே இருக்கும்.

இனி மஸ்டாங்-2 கிட் என்றே வைத்துக்கொண்டு போவோம்.

அகலக் கணக்கு

கிட்டின் அகலம் என்று சொல்வது ஒரு பக்க ஹப் முகத்திலிருந்து மறுபக்க ஹப் முகம் வரை, அதாவது ரிம் வந்து உட்காரும் இடங்களுக்கு இடையே உள்ள தூரம். மஸ்டாங்-2 வகைக்கு இது வழக்கமாக 56.5 அங்குலம். இதோடு ரிம்மும் டயரும் எவ்வளவு வெளியே நீளும் என்று கூட்ட வேண்டும்.

15×7 ரிம் என்றால் 7 என்பது டயர் உட்காரும் அகலம். விளிம்போடு சேர்த்தால் ஏறக்குறைய 8 அங்குலம். பேக்ஸ்பேஸ் 4 அங்குலம் என்றால் ஹப் முகத்திலிருந்து உள்ளே 4, வெளியே 4. 215 மி.மீ. டயரின் வயிறு சுமார் 8.5 அங்குலம், ரிம்மைவிட ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலம் புடைக்கும். ஆக ஒரு பக்கத்துக்கு 4.25 அங்குலம். இரண்டு பக்கமும் சேர்த்து 8.5, அதோடு 56.5. டயரின் வெளிப்புறத்திலிருந்து வெளிப்புறம் 65 அங்குலம்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சில பெரிய டிஸ்க் கிட்கள் ஹப் முகத்தை ஒவ்வொரு பக்கமும் வெளியே தள்ளும். முக்கால் அங்குலம் தள்ளினால் 65 என்பது 66.5 ஆகிவிடும். ஆகவே விற்பவரிடம், டிஸ்க் மாட்டிய பிறகு ஹப் முகத்துக்கு ஹப் முகம் எவ்வளவு என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். மட்கார்டு உதட்டின் உள் அகலத்தைத் துருவில்லாத இடத்தில் அளந்து, ஒவ்வொரு பக்கமும் குறைந்தது 1 அங்குலம் இடைவெளி விட்டுக் கணக்குப் போடுங்கள். நேராக நிற்கும்போது இடிக்காத டயர், ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துப் பள்ளத்தில் இறங்கும்போது இடிக்கும்.

ரிம்மை வாங்கிவிட்டு, போதாததற்கு ஸ்பேசர் போட்டு வெளியே தள்ளுவது கெட்ட வழக்கம். டயரின் நடுக்கோடு ஸ்டியரிங் திரும்பும் அச்சிலிருந்து விலக விலக, குண்டு குழியில் ஸ்டியரிங் கையை உதறும், பேரிங்கும் சீக்கிரம் போகும்.

கிட்டில் பார்க்க வேண்டியது

கீழ் ஆர்மைப் பாருங்கள். அசல் மஸ்டாங்-2இல் கீழ் ஆர்ம் கிராஸ் மெம்பரில் ஒரே போல்ட்டில் தொங்கும். பிரேக் போடும்போது அது பின்னால் போகாமல் பிடிப்பது சேஸிஸ் வரை நீளும் ஒரு கம்பி, ஸ்ட்ரட் ராடு. இந்தக் கம்பியைக் கழற்றிவிட்டு, கீழ் ஆர்மைச் சின்னத் துண்டு வைத்து முட்டுக்கொடுக்கும் மலிவான மாற்றுகள் சந்தையில் உண்டு. கனமான பிக்அப்பில் முட்டுக்கொடுத்த இடம் கீறல் விடும். ஒன்று அசல் கம்பி இருக்க வேண்டும், அல்லது கீழ் ஆர்ம் இரண்டு கால் விரித்து, கிராஸ் மெம்பரில் இரண்டு இடத்தில் பிடிக்கும் முழு ஏ-ஆர்மாக இருக்க வேண்டும். இரண்டும் இல்லாத கிட் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

அடுத்து எஞ்சின். ராக் முன்னால் இருப்பதால், ஆயில் சேம்பரின் ஆழமான பகுதி முன்பக்கம் இருக்கும் எஞ்சின்கள் கிராஸ் மெம்பரில் இடிக்கும். பழைய ஃபோர்டு 302 பலவற்றுக்கும் அப்படித்தான், சேம்பரை மாற்ற வேண்டிவரும். செவர்லேயின் 'ஸ்மால் பிளாக்' வி8 எஞ்சினுக்குப் பின்பக்கம் ஆழம், அங்கே தொல்லை குறைவு. எஞ்சினையும் கியர் பாக்ஸையும் தொங்கவிட்டுப் பார்க்காமல் கிராஸ் மெம்பரை நிரந்தரமாக வெல்டு செய்துவிடாதீர்கள்.

உயரமும் சாய்வும்

கிராஸ் மெம்பரை சேஸிஸுக்குச் செங்குத்தாக வைத்து வெல்டு செய்துவிட்டு, பிறகு பின்பக்கத்தைத் தூக்கி முன்பக்கத்தைத் தாழ்த்துவார்கள். அதோடு காஸ்டர் போய்விடும். எஃப்-100இன் சக்கர இடைவெளி 110 அங்குலம். முன்பக்கம் பின்பக்கத்தைவிட 2 அங்குலம் தாழ்ந்தால் சேஸிஸ் ஏறத்தாழ 1 டிகிரி முன்னால் சாயும், அந்த 1 டிகிரி காஸ்டரில் அப்படியே கழியும். 4 அங்குலம் தாழ்த்தினால் 2 டிகிரி. சாதாரண அலைன்மென்ட் கடையில் அதைத் திருப்பி எடுக்க ஆர்மில் இடம் இருக்காது.

அதனால் போடப்போகும் டயரின் உயரத்தை அளந்து, வண்டி கடைசியில் நிற்கும் சாய்வை முதலில் முடிவு செய்யுங்கள். சேஸிஸை ஸ்டாண்டுகளின் மேல் அதே சாய்வில் நிறுத்துங்கள். கிராஸ் மெம்பர் அந்த நிலையில்தான் மட்டமாக இருக்க வேண்டும். ரசமட்டம் கிராஸ் மெம்பரின் மேல், சேஸிஸின் மேல் அல்ல.

குறியும் வெல்டிங்கும்

1. பழைய அச்சைக் கழற்றும் முன், மட்டமான தரையில் வண்டியை நிறுத்தி, இரண்டு பக்கமும் சக்கர மையத்துக்கு நேர் மேலே சேஸிஸில் சென்டர் பஞ்ச் அடித்துக் குறி வையுங்கள். தூக்குக்குண்டு கட்டிச் சரிபாருங்கள். அந்தக் குறியிலிருந்து கேபின் மவுண்டு துளை வரை எவ்வளவு என்று இரண்டு பக்கமும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் ஒன்றாக இல்லையென்றால் பழைய அச்சோ சேஸிஸோ விலகியிருக்கிறது என்று பொருள்.

2. மூலைவிட்ட அளவு எடுங்கள். இடது முன்னிலிருந்து வலது பின், வலது முன்னிலிருந்து இடது பின். வித்தியாசம் 3 மி.மீ.க்கு மேல் போனால் சேஸிஸ் கோணல். அதை நிமிர்த்தாமல் மேலே வேலை வேண்டாம்.

3. மட்கார்டையும் பானெட்டையும் தற்காலிகமாக மாட்டி, சக்கரம் வளைவின் நடுவில் தெரிகிறதா என்று பாருங்கள். தாழ்த்திய வண்டியில் அரை அங்குலம் விலகியிருந்தாலும் கண்ணில் குத்தும். தேவைப்பட்டால் குறியை முன்னால் நகர்த்துங்கள், இரண்டு பக்கமும் ஒரே அளவு.

4. சேஸிஸ் சட்டம் 'ப' வடிவில் ஒரு பக்கம் திறந்திருக்கும். கிராஸ் மெம்பர் வரும் இடத்துக்கு முன்னும் பின்னும் தாராளமாக நீட்டி, தகடு வைத்துப் பெட்டியாக அடையுங்கள். தகட்டின் முனைகளைச் சாய்வாக வெட்டுங்கள். சட்டத்துக்குக் குறுக்கே மேலிருந்து கீழாக நேராக ஒரு வெல்டு கோடு போனால் கீறல் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடும்.

5. துருவும் பெயின்ட்டும் போகப் பளபளக்கத் தேய்த்து, கிராஸ் மெம்பரைப் புள்ளி வெல்டில் மட்டும் நிறுத்துங்கள். ஸ்பிரிங் தொப்பிகளையும் அப்படியே. ஸ்பிரிங்குக்குப் பதிலாகச் சரியான நீளத்துக்கு ஒரு இரும்புக் கம்பி வைத்து, ஆர்மை ஓட்டும் உயரத்தில் நிறுத்தி, ரிம்மை மாட்டிப் பாருங்கள். கீழ் ஆர்ம் தரைக்கு இணையாக இருக்க வேண்டும்.

6. எல்லாம் சரி என்றால் முழு வெல்டிங். ஒன்றிரண்டு அங்குலத் துண்டாக, ஒரு முறை இடது, ஒரு முறை வலது. கை வைக்க முடியாத சூடு ஏறினால் நிறுத்துங்கள். இடையிடையே மூலைவிட்டத்தை மறுபடி அளங்கள். ஒரே மூச்சில் ஒரு பக்கம் முழுக்க வெல்டு செய்தால் சட்டம் அந்தப் பக்கம் இழுத்துக்கொள்ளும். பேட்டரி இணைப்பும் எரிபொருள் குழாயும் அதற்கு முன்பே கழன்றிருக்க வேண்டும்.

வெல்டிங் சுமாராகத்தான் வரும் என்பவர்கள் ஐந்தாம் படி வரை தாங்களே செய்துவிட்டு, ஆறாம் படிக்குத் தேர்ந்த ஆளை வரவழைக்கலாம். இரண்டு பக்கத்து எடையும் பிரேக் இழுப்பும் அந்தக் கோடுகளில்தான் இறங்குகின்றன.

ஸ்டியரிங்

புள்ளி வெல்டில் இருக்கும்போதே பம்ப் ஸ்டியர், அதாவது சக்கரம் ஏறி இறங்கும்போது தானாகத் திரும்புகிறதா என்று, சோதியுங்கள். ஹப்பில் நேரான தகடு ஒன்றைக் கட்டி, முன்முனைக்கும் பின்முனைக்கும் தரையில் குறி வையுங்கள். ஸ்டியரிங்கை அசையாமல் பூட்டி, ஆர்மை ஓட்டும் உயரத்திலிருந்து 2 அங்குலம் ஏற்றி, 2 அங்குலம் இறக்குங்கள். தகட்டின் திசை ஒன்றரை மி.மீ.க்கு மேல் மாறினால், சாலையில் ஒவ்வொரு மேட்டுக்கும் வண்டி தானாகத் திரும்பும். காரணம் பெரும்பாலும் ராக். அதன் உள் ஜாயிண்ட், மேல் ஆர்மும் கீழ் ஆர்மும் சேஸிஸில் பிடிக்கும் புள்ளிகளை இணைக்கும் கோட்டில் விழ வேண்டும். கிராஸ் மெம்பருக்குப் பொருந்தாத நீளத்தில் வேறு ராக் வாங்கியிருந்தால் அது நடக்காது.

ஸ்டியரிங் தண்டில் ஒவ்வொரு யுனிவர்சல் ஜாயிண்டும் 35 டிகிரிக்கு மேல் மடங்கக் கூடாது. இரண்டு ஜாயிண்டில் முடிந்தால் நல்லது. மூன்று தேவைப்பட்டால் நடுத்தண்டுக்குச் சேஸிஸிலிருந்து ஒரு பேரிங் தாங்கல் கட்டாயம், இல்லாவிட்டால் தண்டு வில் மாதிரி வளைந்து ஆடும்.

பவர் ஸ்டியரிங் போடுபவர்கள் அடிக்கடி சொல்லும் குறை, ஸ்டியரிங் விரல் பட்டாலே ஓடுகிறது என்பது. ஃபோர்டு ராக் ஏறத்தாழ 850 முதல் 1000 பிஎஸ்ஐ அழுத்தத்துக்கானது. செவர்லே எஞ்சினோடு வரும் பம்பு 1200க்கு மேல் தள்ளும். பம்பில் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு போட்டால் தீர்ந்தது. இதற்காக அலைன்மென்ட் கடைக்கு மாதம் இரண்டு முறை அலைய வேண்டாம்.

பிரேக்

டிஸ்க் போட்டதும் பழைய ஒற்றைச் சுற்று மாஸ்டர் சிலிண்டரை வைத்துக்கொள்ளக் கூடாது. முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என இரண்டு அறை கொண்டதை வையுங்கள். இந்த வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டர் தரைப்பலகைக்குக் கீழே, டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பரைவிடத் தாழ்வாக இருக்கும். நிறுத்திவைத்தால் எண்ணெய் திரும்பி வடிந்து, அடுத்த நாள் பெடல் முதல் மிதியில் தரைவரை போகும். டிஸ்க் பக்கக் குழாயில் 2 பிஎஸ்ஐ, டிரம் பக்கக் குழாயில் 10 பிஎஸ்ஐ எச்ச அழுத்த வால்வு வைத்தால் அது நிற்கும். இரண்டையும் மாற்றிப் பொருத்திவிட்டால் டிஸ்க் உராய்ந்துகொண்டே ஓடிக் காய்ந்துவிடும். வாங்கும்போதே எந்தப் பக்கத்துக்கு எது என்று வால்வின் மேல் எழுதிவையுங்கள்.

ஸ்பிரிங், அலைன்மென்ட்

ஸ்பிரிங்கை எஞ்சினின் எடையைச் சொல்லி வாங்குங்கள். வண்டி முழுமையாகச் சேர்ந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் டேங்கில் எரிபொருளும் நிரம்பிய பிறகே உயரம் தெரியும். வெறும் சேஸிஸில் ஸ்பிரிங் அமுங்காது, கீழ் ஆர்ம் கீழ்நோக்கித் தொங்கும். அதைப் பார்த்துப் பயந்து சுருளை வெட்டுபவர்கள் உண்டு. எல்லாம் ஏறிய பின் வண்டி உட்கார்ந்துவிடும், வெட்டிய ஸ்பிரிங் முன்பைவிடக் கடினமாகவும் இருக்கும். எல்லாம் ஏறி, நூறு மைல் ஓடிய பிறகும் உயரம் அதிகம் என்றால், அரைச் சுற்றுக்கு மேல் ஒரே நேரத்தில் வெட்டாதீர்கள். கழற்றும்போது கீழ் ஆர்முக்கு அடியில் ஜாக்கி கட்டாயம். அமுங்கிய சுருள் விடுபட்டால் விலா எலும்பு முறியும்.

ரப்பர் புஷ் உள்ள ஆர்ம்களின் போல்ட்டை வண்டி தன் காலில் நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் நிரந்தரமாக முறுகிக் கிழியும்.

அலைன்மென்ட் கடைக்காரர் கணினியில் எஃப்-100 என்று தட்டினால் பழைய பீம் அச்சின் எண்கள் வரும், அல்லது ஒன்றுமே வராது. எண்களைத் துண்டுச்சீட்டில் நீங்களே கொண்டுபோங்கள். பவர் ஸ்டியரிங்குக்குக் காஸ்டர் கூட்டல் 3 முதல் 5 டிகிரி, கைஸ்டியரிங்குக்குக் கூட்டல் 2 முதல் 3. கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே அல்லது வெளியே சாயும் கோணம்) பூஜ்யம் முதல் கழித்தல் அரை டிகிரி. டோ-இன் (சக்கரங்களின் முன்விளிம்பு உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு) மொத்தம் ஒன்றரை முதல் மூன்று மி.மீ. கிட்டோடு வந்த தாளில் வேறு எண் இருந்தால் அதற்கே முன்னுரிமை.

முதல் 50 மைலுக்குப் பிறகு எல்லாப் போல்ட்டையும் டார்க் ரெஞ்சால் மறுபடி பாருங்கள், 500 மைலுக்குப் பிறகு இன்னொரு முறை. சரிபார்த்த போல்ட்டின் தலையிலிருந்து சேஸிஸ் வரை பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். அடுத்த முறை டார்ச் அடித்துப் பார்த்தாலே எது நகர்ந்திருக்கிறது என்று தெரியும்.